வில்லன் சீண்டினால் வீரன் அடிக்கலாமா?

உயர்தர வகுப்பு, கலைப்பிரிவு

சென்ற தவணை விடுமுறையில் ஒரு மாலை என் தம்பி விளையாட்டுத் திடலிலிருந்து ஓடிவந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். அவனுக்குப் பின்னாலேயே செய்தியும் வந்தது. கிரிக்கெட் மட்டையால் ஒரு பையனின் நெற்றியில் அடித்துவிட்டான். புருவத்துக்கு மேலே இரண்டு தையல். தம்பிக்குப் பதினொரு வயது. அடிபட்டவனுக்கும் அதே வயதுதான். இருவரும் ஒரே அணியில் விளையாடுகிறவர்கள்.

வாப்பா கேட்டபோது தம்பி அழவில்லை. "அவன் என்னைப் புத்தளத்து அகதி எண்டு சொன்னவன். ஒருக்கா இல்ல, மூண்டு தரம். பொறுத்துப் பொறுத்துப் பாத்துத்தான் அடிச்சனான்" என்றான். பிறகு தன் சட்டையைத் தொட்டுக் காட்டினான். பெருநாளைக்கு எடுத்த ஸ்பைடர்மான் படம் போட்ட சட்டை அது. "இவரெண்டாலும் அடிச்சிருப்பார்தானே?"

வாப்பா அவனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஆனால் தம்பியின் கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. இவர் அடித்திருப்பாரா? அடித்திருந்தால் அது சரியா? சிறுபிள்ளைக் கேள்வியென்று தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் உயர்தரத்தில் தமிழும் இஸ்லாமிய நாகரிகமும் படிக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் படிப்பதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. அதனால்தான் இக்கட்டுரை.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. தம்பி பிறந்தது இங்கே, சாவகச்சேரியில். புத்தளத்தை அவன் பார்த்ததே இரண்டு தடவைதான். அகதி முகாமில் பிறந்தவள் நான். (பெயர்தான் முகாம். நான் பிறக்கும் காலத்தில் அதற்குள் கல்வீடுகளும் கட்டியாகிவிட்டன.) ஆக அந்தச் சொல் எனக்குப் பொருந்தும், அவனுக்குப் பொருந்தாது. பொருந்தாத சொல்லுக்கு அவன் ஏன் இவ்வளவு கொதித்தான் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சூப்பர் ஹீரோ என்றதும் அமெரிக்கப் படங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வாப்பாவின் தலைமுறைக்கு அப்படியல்ல. அவர்களுக்குச் சிவகாசியிலிருந்து வந்த சித்திரக்கதைகள் இருந்தன. 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது இரும்புக்கை மாயாவியின் கதையைத்தான். ஆய்வுகூட விபத்தொன்றில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர் மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரிய, மற்ற உடல் மறைந்துவிடும். 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ஸ்பைடர் என்ற இன்னொருவரைக் கொண்டுவந்தது. (தம்பியின் சட்டையில் இருப்பவர் வேறு, இவர் வேறு.) வாப்பாவிடம் இவ்விதழ்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தனவாம். அந்தப் பெட்டி என்னவானது என்று கேட்டால், "வீட்டோடு போய்விட்டது" என்று மட்டும் சொல்வார்.

இந்த இருவரைப் பற்றியும் தேடியபோது ஒன்றைக் கண்டு வியந்தேன். மாயாவி, ஸ்பைடர் இருவரும் 1960களில் இங்கிலாந்தின் வார இதழ்களில் பிறந்தவர்கள். இருவருமே முதலில் வில்லன்கள்! விபத்துக்குப் பின் கிடைத்த சக்தியால் புத்தி தடுமாறி மாயாவி குற்றங்களில் இறங்குகிறார். பிறகுதான் திருந்தி இரகசிய உளவாளியாகிறார். ஸ்பைடரின் தொடக்க ஆசையோ குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாவது. அவரும் பின்னரே நல்லவர் பக்கம் வருகிறார். அதே இரும்புக்கை, அதே துப்பாக்கி, அதே மூளை. ஆளும் மாறவில்லை, ஆயுதமும் மாறவில்லை. எதற்காக அடிக்கிறார்கள் என்பது மட்டுமே மாறியது. தம்பியின் கேள்விக்கு நான் எடுத்த முதல் நூல் நுனி இதுதான்.

பட்மானின் வரலாறு இதைவிடச் சுவையானது. 1939இல் அவர் முதன்முதலாகத் தோன்றிய கதையிலேயே, அவரிடம் குத்து வாங்கிய ஒருவன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். பட்மான் கவலைப்படவில்லை, அவனுக்கு ஏற்ற முடிவுதான் என்கிறார். 1940இல் வந்த இதழொன்றில் தன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்தார். அதன்பின் விட்னி எல்ஸ்வேர்த் என்ற பொறுப்பாசிரியர், இனிமேல் பட்மான் எவரையும் கொல்லக்கூடாது என்று கட்டளையிட்டார். பட்மானின் பெயர்போன கொல்லாமை இப்படி ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்ததுதான். துப்பாக்கியால் சுட்ட அதே இதழில்தான் ஜோக்கரும் அறிமுகமானான். கொல்லக்கூடாது என்ற விதியும், அந்த விதியை உடைப்பதையே தொழிலாகக் கொண்ட வில்லனும் ஏறக்குறைய ஒரே வயதினர்.

2008இல் வெளிவந்த த டார்க் நைட் படத்தில் வரும் விசாரணை அறைக் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஜோக்கர் கைதியாக இருக்கிறான். இரண்டு பேரை எங்கோ கட்டிவைத்திருக்கிறான். அவர்கள் எங்கே என்று கேட்டு பட்மான் அவனை அடிக்கிறார். மேசையில் மோதுகிறார், சுவரில் சாத்துகிறார். ஜோக்கர் சிரிக்கிறான். இவ்வளவு பலம் இருந்தும் என்னைப் பயமுறுத்த உன்னிடம் எதுவுமில்லையே என்பதுதான் அவன் சிரிப்பின் பொருள். கடைசியில் இடத்தைச் சொல்கிறான், அதுவும் அடிக்குப் பயந்தல்ல. இரண்டு முகவரிகளையும் மாற்றிச் சொல்லி விளையாடுகிறான். பட்மான் ஓடிச்சென்ற இடத்தில் இருந்தவர் அவர் காப்பாற்ற நினைத்தவரல்ல. அவர் நினைத்த பெண் இறந்துபோகிறாள்.

அந்த அடிகளால் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஜோக்கருக்கு வேண்டியது நடந்தது என்றுகூடச் சொல்லலாம். பணமோ ஆட்சியோ அவனுக்குத் தேவையில்லை. தள்ளவேண்டிய அளவு தள்ளினால் எல்லோரும் தன்னைப்போல் ஆவார்கள் என்று காட்டுவதே அவன் ஆசை. சீண்டுகிறவன் உண்மையில் கேட்பது சண்டையையல்ல. "நீயும் என்னைப்போன்றவன்தான் என்று ஒப்புக்கொள்" என்று கேட்கிறான். அடிக்கிறவன் தன் கையாலேயே அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த வீரர் பட்மான் அல்லர். இரண்டு கப்பல்களில் மக்கள் இருக்கிறார்கள். ஒன்றில் பொதுமக்கள், மற்றதில் சிறைக்கைதிகள். எதிர்க்கப்பலை வெடிக்கச் செய்யும் கருவி ஒவ்வொரு கப்பலிலும் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் நீங்கள் அழுத்தாவிட்டால் இரண்டையும் நானே வெடிக்கவைப்பேன் என்கிறான் ஜோக்கர். பார்த்தாலே பயம் தரும் உயரமான கைதி ஒருவர் எழுந்து அந்தக் கருவியை வாங்கி, வெளியே தண்ணீருக்குள் வீசிவிட்டுப் போய் உட்கார்கிறார். அவருக்கு முகமூடியும் இல்லை, பறக்கவும் தெரியாது.

தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். அவன் விடவில்லை. "ராத்தா, பட்மான் ஜோக்கரை விட்டுவிடுறார். அவன் தப்பி வந்து திரும்பவும் ஆக்களைக் கொல்லுறான். அப்ப அந்தச் செத்த ஆக்களுக்கு ஆர் பொறுப்பு?" என்றான்.

இது நல்ல கேள்வி. நானும் ஒரு நாள் முழுக்க இதற்குப் பதிலில்லாமல் இருந்தேன். கம்பராமாயணத்தில் முதல் நாட் போரில் ஆயுதமெல்லாம் இழந்து வெறுங்கையோடு நின்ற இராவணனை இராமன் அன்று போகவிட்டு, மறுநாள் வரச் சொன்னான். இராவணன் திரும்பி வந்தான். இன்னும் எத்தனையோ பேர் இறந்தார்கள். அந்த உயிர்களுக்கு இராமனின் பெருந்தன்மைதான் காரணமா? கும்பகர்ணனின் வீட்டார் அப்படி நினைத்திருக்கலாம்.

என் பதில் இதுதான், குறையிருந்தால் திருத்துங்கள். ஜோக்கரைப் பிடித்துக் கொடுப்பதோடு பட்மானின் வேலை முடிகிறது. விசாரிப்பது, தீர்ப்பளிப்பது, தப்பாமல் பூட்டி வைப்பது எல்லாம் ஊரின் வேலை. ஊர் தன் பூட்டைச் சரியாகப் பூட்டாததற்கு முகமூடி போட்ட ஒருவர் நீதிபதியாகவும் தூக்குப் போடுகிறவராகவும் மாறுவது தீர்வாகாது. 2005இல் வந்த அந்நியன் படத்தை ஒரு பெருநாள் விடுமுறையில் தொலைக்காட்சியில் பார்த்தோம். விபத்தில் கிடந்தவரைத் தன் வாகனத்தில் ஏற்ற மறுத்தவர், ரயிலில் கெட்ட சாப்பாடு விற்றவர் எல்லோரையும் அந்நியன் கொடூரமாகக் கொல்கிறான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். கெட்ட சாப்பாட்டுக்கு மரணதண்டனையா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. படம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்கே அந்தக் கேள்வி வந்தது.

பலம் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இதை எழுதிக்கொண்டிருந்தபோது வகுப்புத் தோழி ஒருத்தி வாசித்துவிட்டு முகம் சுளித்தாள். "சீண்டினால் பொறுத்துப் போ என்றுதானே எங்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். பஸ்ஸில் ஒருவன் தோளில் சாய்ந்தால் அதையும் பொறுப்பதா?" என்று கேட்டாள். கண்டி வீதி பஸ்ஸில் காலையும் மாலையும் போய்வருகிறவர்களுக்கு அவள் கேட்டதன் கனம் புரியும். பொறுக்கக்கூடாது. குடைக்காம்பு அதற்குத்தான் இருக்கிறது. சத்தம் போடுங்கள், தள்ளிவிடுங்கள், நடத்துனரைக் கூப்பிடுங்கள். உங்கள் மீது நீளும் கையைத் தடுப்பது பழிவாங்கலல்ல. அந்தக் கை விலகிய பிறகும், பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் துரத்திச்சென்று அடித்தால், அது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு சில நேரம் மயிரிழைதான். அதனாலேயே அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2013இல் பாகிஸ்தானில் புர்கா அவெஞ்சர் என்றொரு கார்ட்டூன் தொடர் வந்தது. அதன் நாயகி பாடசாலை ஆசிரியை. பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூட வரும் வில்லன்களை அவர் புர்கா அணிந்து எதிர்கொள்கிறார். அவர் ஆயுதங்கள் புத்தகமும் பேனாவும். அவற்றையே எறிந்து தாக்குகிறார். புத்தகத்தை எறிவதை எங்கள் நூலகப் பொறுப்பாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அந்தக் கோட்டை அந்த ஆசிரியை அறிந்திருக்கிறார். பள்ளிக் கதவைத் திறந்து வைக்கப் போதுமான பலம், அதற்கு மேல் இல்லை.

இனிக் கண்ணகிக்கு வருகிறேன். இதை எழுத எனக்குச் சற்றுப் பயமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் கேட்டபோது ஆசிரியை சிரித்துவிட்டு, "யோசி, ஆனால் பரீட்சையில் இப்படி எழுதிவிடாதே" என்றார்.

கண்ணகியை நாம் நீதி கேட்ட பெண்ணாகப் படிக்கிறோம். அது முற்றிலும் உண்மை. ஓர் அரண்மனைக்குள் தனியாக நுழைந்து, அரசனின் முகத்துக்கு நேரே அவன் தீர்ப்புப் பிழையென்று சிலம்பை உடைத்து நிரூபித்தாள். தமிழில் அதைவிடத் துணிவான காட்சி வேறில்லை. தன் பிழையை உணர்ந்த பாண்டியன் அந்த இடத்திலேயே உயிர்விட்டான். கோப்பெருந்தேவியும் உயிர்விட்டாள். அதோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. மதுரை எரிகிறது. கோபத்தின் உச்சியிலும் கண்ணகி அந்தணர், பசுக்கள், பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரைத் தீண்டாமல் தீயோர் பக்கமே சேரும்படி தீக்கடவுளிடம் சொல்கிறாள். இளங்கோவடிகள் அந்தப் பட்டியலைப் போட்டது எனக்குப் பெரிய ஆறுதல். என்றாலும் தீ பட்டியலைப் பார்த்தா பரவும்?

அதைவிட என்னை உறுத்தியது வேறொரு செய்தி. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரையில் அது இருக்கிறது. பாண்டிநாட்டில் மழையில்லாமல் வறுமையும் நோயும் வந்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்வதற்காகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்றான் என்கிறது அது. ஆயிரம் பேர்! சிலம்பைத் திருடிக் கோவலன் மீது பழிபோட்டவன் ஒரே ஒரு பொற்கொல்லன். மற்ற 999 பேர் செய்தது அதே தொழிலைச் செய்ததுதான். பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். அந்த ஆயிரம் பேரின் வீடுகளிலும் மகள்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்காவது பதினேழு வயது இருந்திருக்கும்.

ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனைப்போன்ற எல்லோரும். இது பழைய காவியத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1983 யூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதற்கான பதிலை மறுநாள் முதல் கொழும்பிலும் பிற ஊர்களிலும் வாங்கிக்கொண்டவர்கள், திருநெல்வேலி எந்தத் திசையிலிருக்கிறது என்றுகூட அறியாத கடைக்காரர்களும் பிள்ளைகளும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் தேர்தல் கூட்டமொன்றில் பொலிஸார் சுடப்பட்டபோது, பதிலாக எரிந்தது நூலகம். புத்தகம் யாரைச் சீண்டியது?

1990 ஒக்டோபரில் எங்கள் முறை வந்தது. கிழக்கில் நடந்தவற்றால் மூண்ட கோபமும், சிலர் மீதிருந்த சந்தேகமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் சாவகச்சேரி முஸ்லிம்கள். மாத முடிவுக்குள் வடக்கு முழுவதிலும் முஸ்லிம்கள் இல்லை. சுமார் 75,000 பேர் என்று சொல்வார்கள். அப்போது வாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. தகரப்பெட்டி வீட்டோடு போனது அப்போதுதான். உம்மும்மா அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றை விடாமல் சொல்வார். பக்கத்து வீட்டு அன்னம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாவாம். கோழிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாவாம். அந்த அன்னம்மாவின் வீடும் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரத்தோடு சேர்ந்து இடிந்துபோனது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் இருந்த அந்த ஒட்டுப்பலா மட்டும் இன்றும் நிற்கிறது.

இவற்றைச் செய்த எவரும் தம்மை வில்லன் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எல்லோரும் தம்மை வீரர் என்றே நினைத்தார்கள். எல்லோரிடமும் ஒரே வாக்குமூலம்தான்: "அவங்கள்தான் முதல்ல சீண்டினவங்கள்." தம்பி வாப்பாவிடம் சொன்ன அதே வசனம். அதைக் கேட்டபோது வாப்பாவின் முகம் ஏன் அப்படிப் போனது என்று இப்போது விளங்குகிறது. தம்பி ஏன் கொதித்தான் என்பதும் விளங்குகிறது. அந்தச் சொல் அவனைப் பற்றியதல்ல, வாப்பாவைப் பற்றியது.

அன்றிரவு தம்பி சாப்பிடாமல் படுத்துவிட்டான். உம்மும்மா அவனுடைய தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். மௌலானா ரூமியின் மஸ்னவி முதற் பாகத்தில் வரும் கதை அது. (ஹதீஸாக அல்ல, ரூமி சொன்ன கதையாகவே இதை எழுதுகிறேன்.) போர்க்களத்தில் அலீ (ரலி) அவர்கள் எதிரி ஒருவனைக் கீழே வீழ்த்திவிட்டார்கள். வாள் ஓங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் கீழே கிடந்தவன் அவர்களுடைய முகத்தில் துப்பினான். அலீ (ரலி) அவர்கள் வாளை எறிந்துவிட்டு விலகி நின்றார்கள். எதிரிக்கே நம்பமுடியவில்லை. ஏன் என்று கேட்டான். "அதுவரை இறைவனுக்காகப் போராடினேன். நீ துப்பியதும் என் சொந்தக் கோபமும் அதில் சேர்ந்துவிட்டது. இரண்டையும் கலக்க எனக்கு உரிமையில்லை" என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

எத்தனையோ தடவை கேட்ட கதை. அன்றுதான் ஒன்று பிடிபட்டது. அலீ (ரலி) அவர்கள் போருக்கே போகாதவர் அல்லர். வாள் ஏற்கனவே ஓங்கப்பட்டிருந்தது. துப்பாமல் இருந்திருந்தால் அவன் உயிர் போயிருக்கும். சீண்டல் அவனைக் காப்பாற்றிவிட்டது! நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது கணக்கு. நாம் சும்மா நிற்கும் கையைச் சீண்டல் ஓங்க வைக்கும் என்கிறோம். இங்கே ஓங்கிய கையைச் சீண்டல் நிறுத்துகிறது. மல்யுத்தத்தில் எதிராளியை வீழ்த்துபவர் பலசாலியல்லர், கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவரே பலசாலி என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தது. அதற்கு உருவம் கொடுத்தால் இந்தக் கதைதான்.

வள்ளுவரும் இதே பிரிவைச் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வெகுளாமை என்று ஓர் அதிகாரம் முழுவதும் கோபத்துக்கு எதிராக எழுதியவர், செங்கோன்மை அதிகாரத்தில் கொடியவரை அரசன் தண்டிப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார். முரணல்ல. களை பிடுங்குகிற கமக்காரர் களையோடு கோபித்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலை தம்பிதான் பேச்சைத் தொடங்கினான். 2021இல் வந்த ஸ்பைடர்மான் நோ வே ஹோம் படத்தை அவன் நாலு தடவையாவது பார்த்திருப்பான். தன் மாமியைக் கொன்ற பச்சைப் பிசாசு வில்லனை இளைய ஸ்பைடர்மான் அடித்து வீழ்த்தி, அவனுடைய பறக்கும் கருவியின் கூர்முனையாலேயே குத்தப்போகிறான். மூத்த ஸ்பைடர்மான் குறுக்கே வந்து அந்தக் கருவியைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. கண்ணைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

"அப்ப இவர் அடிச்சிருக்க மாட்டார்" என்றான் தம்பி.

"அடிச்சுப்போட்டுத்தானே நிண்டவர்" என்றேன். "கொல்லாமல் விட்டவர்."

"ஓம். ஆனா ராத்தா, தடுக்க வந்தவருக்கு முதுகிலெ கத்திக்குத்து விழுந்தது தெரியுமா? அந்த வில்லன்தான் குத்தினவன்."

தெரியும். அந்த இடத்தை நான் மறைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். தடுப்பவருக்குத்தான் முதலில் குத்து விழுகிறது. அந்தப் படத்தில் அவர் பிழைத்துக்கொள்கிறார். இளையவன் மருந்தைப் பிடித்து வில்லனின் கழுத்தில் ஏற்ற, பிசாசு போய் உள்ளே இருந்த மனிதர் வெளியே வந்து, என்ன செய்துவிட்டேன் என்று விழிக்கிறார். படத்தில் மருந்து இருக்கிறது. நம் ஊரில் அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அழுதவரிடம் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

பாடசாலை தொடங்கிய கிழமை அந்தப் பையனின் தையலைப் பிரித்தார்கள். புருவத்துக்கு மேலே ஒரு சிறு கோடு இருக்கிறது. அது மறையாது என்று அவனுடைய அம்மா வாப்பாவிடம் கோபமில்லாமல்தான் சொன்னாவாம். தம்பி தன் மட்டையை அவனிடமே கொடுத்துவிட்டான். இப்போது இருவரும் மறுபடியும் ஒரே அணியில் விளையாடுகிறார்கள். அவன் அந்தச் சொல்லுக்காக இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. தம்பியும் கேட்கச் சொல்லவில்லை. நேற்று வந்து, "ராத்தா, அவனுக்கு அகதி எண்டா என்ன எண்டே தெரியாது. அவன்ட தாத்தா ஆரையோ ஏசேக்க சொன்னதாம், அதைக் கேட்டுச் சொன்னவனாம்" என்றான்.

"நீ சொல்லிக் கொடுத்தியா?"

"சொன்னனான். அவன்ட அம்மம்மாவும் 95ஆம் ஆண்டு நடந்து வந்தவவாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடிவிட்டான்.